நாடாவில் சுழன்ற எதிரொலி

திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் வாழும் நமக்கு மலையும் பாறையும் எதிரொலியும் புதியவை அல்ல. செங்குத்தான ஒரு பாறைக்கு 34 மீட்டர் தள்ளி நின்று கை தட்டினால், அந்த ஒலி பாறைக்குப் போய்த் திரும்ப 68 மீட்டர் பயணம் செய்கிறது. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆகவே நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்து, அதே கைதட்டல் நம் காதுக்கு மீண்டும் வந்து சேர்கிறது. இந்தப் பாறையை ஒரு பெட்டிக்குள் அடைத்து மேடைக்குத் தூக்கி வந்தவைதாம் நாடா எக்கோ இயந்திரங்கள்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் ஊர்களில் மெல்லிசைக் கச்சேரி கேட்டவர்களுக்கு அந்த ஒலி நினைவிருக்கும். கங்கம்மா ஜாத்திரை, விநாயகர் சதுர்த்திப் பந்தல், கல்யாண வரவேற்பு என எங்கே மேடை போட்டாலும் ஒரு பாட்டு தமிழில் வரும், அடுத்தது தெலுங்கில் வரும். பி. சுசீலாவும் எஸ். ஜானகியும் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் இரு மொழிக்கும் சொந்தக்காரர்கள் ஆயிற்றே! பாடகர் அடியை முடிக்கும் இடத்தில் கடைசிச் சொல் மட்டும் பந்தலைத் தாண்டி மிதந்து போகும். அதற்கென்றே கை தட்டுபவர்கள் உண்டு.

ரயில்வேயில் தொலைத்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்தப் பெட்டிகளின் உள்பக்கம் எனக்கு ஓரளவு பழக்கம். எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் ஒன்றின் குரல் மற்றொன்றுக்கு இல்லை. அது ஏன் என்பதையும், நம்மிடையே எஞ்சியிருக்கும் சில பெட்டிகளை என்ன செய்யலாம் என்பதையும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாடா எப்படி எதிரொலிக்கிறது?

டேப் ரெக்கார்டரில் பதிவு செய்யும் ஹெட் ஒன்று, திருப்பி ஒலிக்கும் ஹெட் ஒன்று எனத் தனித்தனியாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி. நாடா நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால், பதிவான ஒலி இரண்டாவது ஹெட்டுக்கு வர 0.13 நொடி ஆகும். வேகத்தைப் பாதியாக்கி 19 சென்டிமீட்டர் என வைத்தால் 0.26 நொடி ஆகும். எதிரொலியின் தூரத்தைத் தீர்மானிப்பவை இந்த இரண்டு எண்கள் மட்டுமே: ஹெட்டுகளின் இடைவெளி, நாடாவின் வேகம்.

திரும்பி வந்த ஒலியில் ஒரு பகுதியை மறுபடியும் பதிவு ஹெட்டுக்கே அனுப்பினால் இரண்டாவது எதிரொலி, மூன்றாவது எதிரொலி என்று தொடர்ந்து வரும். இங்கேதான் குணம் பிறக்கிறது. நாடா ஒவ்வொரு சுற்றிலும் உச்ச ஒலியில் கொஞ்சத்தை இழக்கும். ஒரு சுற்றுக்கு 3 டெசிபெல் இழப்பு என்றால் ஐந்தாவது சுற்றில் 15 டெசிபெல் போய்விடும். முதல் எதிரொலி தெளிவாக இருக்கும். ஐந்தாவது, கம்பளி போர்த்திக்கொண்டு தூரத்தில் நின்று பேசுவது போல இருக்கும். மலையிலும் அப்படித்தானே? தூரம் கூடக் கூட ஒலியின் கூர்மை மழுங்கி விடுகிறது. அதனால்தான் நாடாவின் எதிரொலி நம் காதுக்கு இயற்கையாகப் படுகிறது.

இன்னொன்று நாடாவின் ஆட்டம். நாடாவை இழுக்கும் தண்டுக்கு கேப்ஸ்டன் என்று பெயர். 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள கேப்ஸ்டன் நாடாவை 19 சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்க, நொடிக்குப் பத்து முறை சுழல வேண்டும். அது நூலிழை கோணலாக இருந்தாலும் நொடிக்குப் பத்து முறை சுருதி நடுங்கும். ரயில் சக்கரத்தில் ஓரிடம் தட்டையாகிவிட்டால் சுற்றுக்கு ஒரு முறை 'டக்' என்று தட்டுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதே கதைதான். அளவு மிகச் சிறியதாக இருக்கும்போது இந்த நடுக்கம் குரலுக்கு ஒரு மினுமினுப்பைத் தருகிறது. மிகுந்துபோனால் அழுகைக் குரலாகி விடுகிறது.

மேனாட்டில் தொடக்கம்

1954 ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ் என்பவர் தம் சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லியின் குரலைப் பதிவு செய்தார். ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டர்கள் இரண்டைக் கொண்டு, குரலுக்குப் பின்னால் உடனே ஒட்டி வரும் ஒற்றை எதிரொலியை அவர் உண்டாக்கினார். ஏறத்தாழ அதே சமயத்தில் ரே பட்ஸ் என்பவர் நாடா எக்கோவை கிட்டார் ஆம்பிளிஃபயருக்குள்ளேயே பொருத்தி 'எக்கோசானிக்' என்ற கருவியைச் செய்தார். ஸ்டூடியோவில் மட்டும் இருந்த வித்தை மேடைக்கு வந்தது அப்போதுதான்.

நம் பக்கம் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் எக்கோ அறை என்று ஒன்று உண்டு. கெட்டியான சுவர்கள் கொண்ட காலி அறையில் ஒரு ஒலிபெருக்கியும் ஒரு மைக்கும் இருக்கும். அது கோயில் மண்டபத்தில் பாடுவது போன்ற முழக்கம் தரும். அறையைத் தூக்கிக்கொண்டு மெல்லிசைக் குழு ஊர் ஊராகப் போக முடியாது. 'யார் நீ' (1966) போன்ற படங்களின் திகில் பாடல்களை மேடையில் பாட நினைத்தவர்களுக்குப் பெட்டிதான் கைகொடுத்தது. இறக்குமதி வரி கடுமையாக இருந்த காலம் அது. சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடா நாடுகளிலிருந்தோ திரும்பிய உறவினர் கொண்டுவந்தால்தான் உண்டு.

நான்கு பெட்டிகள், நான்கு வழிகள்

பல நிறுவனங்கள் எக்கோ பெட்டிகள் செய்தன. அமைப்பில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட நான்கைச் சொன்னால் மற்றவை விளங்கிவிடும்.

முதலாவது லண்டன் சார்லி வாட்கின்ஸ் 1958 இல் வெளியிட்ட காப்பிகேட். சிறிய நாடா வளையம், ஒலிக்கும் ஹெட்டுகள் மூன்று. தொடக்க கால மாடல்களில் வேகம் மாறாது; எந்த ஹெட் வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். எதிரொலி ஒரு தூரத்திலிருந்து இன்னொரு தூரத்துக்குத் தாவுமே தவிர நகராது. வளையம் சிறியதாகையால் நாடா விரைவில் தேயும். ஒட்டுப் போட்ட இடம் அடிக்கடி ஹெட்டைக் கடக்கும். ஒலியில் ஒரு சொரசொரப்பு உண்டு. விலை குறைவு, எடை குறைவு என்பதால் மேடைக்காரர்களின் தோழனாயிற்று.

இரண்டாவது இத்தாலியின் மிலான் நகரத்து பின்சன் எக்கோரெக். கறாராகச் சொன்னால் இதில் நாடாவே இல்லை. எஃகுக் கம்பி சுற்றிய ஓர் உருளை சுழல, அதைச் சுற்றி ஹெட்டுகள் நிற்கும். அறுந்து போக நாடா இல்லாததால் தேய்மானம் குறைவு. ஒலி கனமாக, நடு ஸ்தாயியில் செறிவாக இருக்கும். பிங்க் ஃபிளாய்ட் குழுவினர் இதைக் கையாண்டு புகழ் சேர்த்தனர்.

மூன்றாவது அமெரிக்காவின் எக்கோபிளெக்ஸ். ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் மைக் பேட்டில் வடிவமைத்தது. இதில் வேகம் மாறாது. ஹெட் ஒன்று தண்டவாளத்தில் போவது போலச் சட்டத்தில் நகரும். நகர்த்தினால் எதிரொலியின் தூரம் மாறும். நாடாவின் வேகம் மாறாததால் ஒலியின் தெளிவு எல்லாத் தூரத்திலும் ஒரே தரமாக இருக்கும். வால்வு கொண்ட பழைய மாடலின் ஒலி இனிமையானது என்பர். 1970 வாக்கில் வந்த டிரான்சிஸ்டர் மாடலில், எதிரொலியே வேண்டாம், அதன் வழியாகப் போனால் போதும், கிட்டாரின் ஒலி மாறும் என்று அதை வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

நான்காவது ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1974 இல் கொண்டுவந்த ஸ்பேஸ் எக்கோ ஆர்.இ. 201. நீண்ட நாடா வளையம் ஒன்று தட்டையான அறைக்குள் கட்டுப்பாடின்றி நெளிந்து கிடக்கும். சக்கரத்தில் சுற்றி இழுக்காததால் நாடாவில் இறுக்கம் இல்லை, தேய்மானமும் குறைவு. ஒலிக்கும் ஹெட்டுகள் மூன்றும் ஏறத்தாழ ஒன்று, இரண்டு, மூன்று என்ற விகிதத்தில் அமைந்தவை. 12 நிலைகள் கொண்ட திருகுச் சுவிட்ச் அவற்றைப் பலவாறு சேர்க்கும். முழக்கத்துக்கு ஸ்பிரிங்கும் உள்ளேயே உண்டு. இதில் தூரத்தை மாற்ற மோட்டாரின் வேகத்தையே மாற்ற வேண்டும். அதன் விளைவு இரண்டு. ஒலித்துக்கொண்டிருக்கும்போதே திருகினால் சுருதி வழுக்கி ஏறும், இறங்கும். தூரம் கூட வேண்டுமென்று வேகத்தைக் குறைத்தால் எதிரொலி மங்கலாகும். நீண்ட எதிரொலி இருட்டாகவும் குறுகிய எதிரொலி வெளிச்சமாகவும் இருப்பது இந்தப் பெட்டியின் தனிக் குணம் எனலாம். ஜமைக்காவின் லீ பெர்ரி தம் பிளாக் ஆர்க் ஸ்டூடியோவில் இதை ஓர் இசைக்கருவி போலவே வாசித்தார்.

நம் ஊர் மின்சாரம்

இந்தப் பெட்டிகள் நம் ஊருக்கு வந்தபோது இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க மின்சாரம் 60 சைக்கிள், நம்முடையது 50. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்குமே தவிர சைக்கிளை மாற்றாது. மெயின்ஸில் நேரடியாக ஓடும் மோட்டார் உள்ள அமெரிக்கப் பெட்டி இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். எதிரொலி ஐந்தில் ஒரு பங்கு அதிகம் தாமதிக்கும். இங்கிலாந்துப் பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை என்றாலும், அந்தக் காலத்தில் மின்தேவை மிகுந்த மாலை வேளைகளில் நம் தென்னிந்திய மின்தொகுப்பே 48 சைக்கிள் அளவுக்கு இறங்கியது உண்டு. அதற்கேற்ப எதிரொலியும் நான்கு சதவீதம் பின்தங்கும். பதிவதும் ஒலிப்பதும் ஒரே வேகத்தில் நடப்பதால் சுருதி கெடாது, தாளத்தோடு சேர்வதுதான் தவறும். ரோலண்டின் மோட்டார் நேர்மின்சாரத்தில் ஓடுவதால் அது சைக்கிளைச் சட்டை செய்யவில்லை.

சித்தூரில் ஓர் ஒப்பீடு

சித்தூரில் முன்பு மெல்லிசைக் குழு நடத்திய நண்பர் ஒருவரிடம் ஆர்.இ. 201 இருக்கிறது. திருப்பதியில் கிட்டார் வாசித்த மற்றொருவரிடம் டிரான்சிஸ்டர் காப்பிகேட் ஒன்று ஓடும் நிலையில் இருந்தது. என்னிடம் மூன்று ஹெட் உள்ள அகாய் 4000 டி.எஸ். டேப் ரெக்கார்டர் உண்டு. மூன்றையும் நண்பர் வீட்டு மாடியில் ஒரே மேசையில் வைத்து, ஒரே மைக், ஒரே ஒலிபெருக்கி கொண்டு கேட்டோம். எக்கோபிளெக்ஸும் எக்கோரெக்கும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இசைத்தட்டுகளில் கேட்டதோடு சரி.

முதலில் கைதட்டல். காப்பிகேட்டின் முதல் எதிரொலி கூர்மையாக வந்தது. மூன்றாவதில் மணல் கலந்தது. அகாயின் எதிரொலி மிகச் சுத்தம், இன்னொருவர் பக்கத்தில் நின்று தட்டியது போல. அதனாலேயே அது எதிரொலியாகத் தோன்றவில்லை. ஸ்பேஸ் எக்கோவில் ஒவ்வொரு தட்டலும் முந்தியதை விடச் சற்று உருண்டையாகி, பின்னால் போய் நின்றது.

அடுத்து கிட்டார். இதில் காப்பிகேட்டுக்கே எல்லாரும் வாக்களித்தோம். தனித்தனிச் சுரமாக மீட்டும்போது அந்தச் சொரசொரப்பு கம்பியின் ஒலிக்கு உரம் சேர்த்தது. ஸ்பேஸ் எக்கோவில் அதே வாசிப்பு பட்டுப் போல இருந்தது. ஆனால் விறுவிறுப்பு குறைந்தது.

குரலுக்கு வந்தபோது தீர்ப்பு தலைகீழாயிற்று. காப்பிகேட்டின் எதிரொலி குரலின் 'ச', 'ஸ' ஒலிகளைப் பிடித்துக்கொண்டு பாட்டுக்கு முன்னால் வந்து நின்றது. ஸ்பேஸ் எக்கோவின் எதிரொலி உச்ச ஒலி குறைந்து வருவதால் குரலின் பின்னாலேயே ஒதுங்கி நின்றது. நிமிடத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு அரை நொடி. எதிரொலியைக் கால் நொடிக்கு வைத்தால் தட்டுக்கு நடுவே அழகாக விழுகிறது. கொஞ்சம் தவறினாலும் பாட்டு தள்ளாடுகிறது. மிருதங்கத்துக்கு மூன்றுமே உதவவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டாக விழுந்து நடையே குழம்பிப் போயிற்று. கமகம் நிறைந்த ஆலாபனைக்கும் அப்படியே. முன் சுரமும் பின் சுரமும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன.

பிறகுதான் முக்கியமான விஷயம். அதுவரை குமிழ்களை ஒரே இடத்தில் வைத்துக் கேட்டிருந்தோம். நண்பர் ஸ்பேஸ் எக்கோவின் முன் வந்து உட்கார்ந்தார். பாடுபவர் அடியைப் பாடும்போது எக்கோவை மூடியே வைத்திருந்தார். கடைசி அசையில் மட்டும் திறந்தார், இரண்டு எதிரொலி வரவிட்டார், அடுத்த சொல் எழும் முன் மூடினார். புல்லாங்குழல் முடியும் இடத்தில் வேகக் குமிழை ஒரு நூல் திருக, ஒலி வழுக்கிக்கொண்டு மறைந்தது. அதே பெட்டிதான், ஆனால் அப்போதுதான் அது எங்கள் காலத்துக் கச்சேரியாகக் கேட்டது. பெட்டியின் குணம் என்று நாம் நினைப்பதில் பாதி, அதை இயக்கிய கையின் குணம்.

சொல்லுக்கு இடம் வேண்டும்

எக்கோவை ஏன் மூடித் திறக்க வேண்டும்? நாம் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு ஐந்தாறு அசைகள் வருகின்றன. கால் நொடி கழித்து வரும் எதிரொலி அடுத்த அசையின் மேல் உட்காரும். நம் மொழியில் இது இன்னும் சிக்கல். 'படு' என்பதற்கும் 'பட்டு' என்பதற்கும் காது காணும் வேறுபாடு பெரும்பாலும் நடுவே உள்ள சிறு மௌனம்தான். வல்லின ஒற்று என்பது வாய் மூடி நிற்கும் கணம். அந்த மௌனத்தை எதிரொலி நிரப்பிவிட்டால் சொல்லே மாறிப்போகும். தெலுங்குக்கும் இது பொருந்தும்.

ஜாத்திரைக் கூட்டத்தில் காணாமற்போன குழந்தையின் பெயரை எக்கோ வைத்து அறிவிப்பதை இன்றும் கேட்கிறோம். ரயில் நிலைய அறிவிப்பை எவ்வளவு தெளிவாகக் கொடுக்க முடியும் என்று பணிக்காலம் முழுவதும் பார்த்தவனுக்கு அது வருத்தம் தருகிறது. பாட்டின் முடிவுக்கு எக்கோ வேண்டும். அறிவிப்புக்குக் கூடவே கூடாது. மைக் செட் வைத்திருக்கும் அன்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது

ஆர்.இ. 201 உற்பத்தி 1990 இல் நின்றது. இப்போது மலிவான ஆம்பிளிஃபயர்களில் ஒரு சிறு ஐ.சி. எக்கோ தருகிறது. 2022 இல் வெளிவந்த பாஸ் ஆர்.இ. 202 போன்ற கருவிகள் பழைய பெட்டியின் நடுக்கத்தையும் நாடாத் தேய்மானத்தையும் கூடக் கணக்கிட்டுப் போலச் செய்கின்றன. அவை நன்றாகவே இருக்கின்றன. ஆகவே பழைய பெட்டி இல்லாவிட்டால் இசை நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. நம் மேடையில் அந்தப் பெட்டியை எப்படி வாசித்தார்கள் என்பதற்கு எந்த ஐ.சி.யிலும் பதிவு இல்லை என்பதே என் கவலை.

நண்பருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. பெங்களூரிலிருந்து ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். பிள்ளைகள் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. விற்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. பரணில் கிடந்தால் ரப்பர் பிசினாகி, மோட்டார் இறுகிவிடும். ஓட்டுபவர் கையில் இருந்தால் பெட்டி பிழைக்கும். ஆனால் போகும் முன் அதன் ஒலியையும் அவர் கையையும் பதிந்து வைக்க வேண்டும். அன்று மாலையே மூன்று பெட்டிகளிலும் கைதட்டல், கிட்டார், குரல் ஆகியவற்றைப் பதிவு செய்தோம். அவர் குமிழ் திருப்புவதைக் கைப்பேசியில் படமும் எடுத்தோம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இத்தகைய பெட்டி இருந்தால் சில குறிப்புகள்:

பல ஆண்டுகள் கிடந்த பெட்டியை நேரடியாக மின்சாரத்தில் சொருகாதீர்கள். பழைய கண்டென்சர்கள் கசிந்திருக்கும். விவரம் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு, சீரிஸ் பல்பு போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஹெட்டுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைக்கலாம். ரப்பர் ரோலருக்கு அது ஆகாது.

கேசட் நாடாவை வெட்டி வளையம் செய்ய முயல வேண்டாம். அதன் அகலம் 3.81 மில்லிமீட்டர், இந்தப் பெட்டிகளுக்கு 6.35 மில்லிமீட்டர் நாடா வேண்டும். ஒட்டும்போது சாய்வாக வெட்டி, அதற்கென உள்ள ஒட்டுநாடாவால் ஒட்டினால் 'டப்' ஒலி குறையும்.

ஓடாத நேரத்தில் ரோலர் கேப்ஸ்டனை அழுத்திக்கொண்டிருக்க விடாதீர்கள். பள்ளம் விழும், பிறகு சுருதி ஆடும். மாதம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட விடுங்கள்.

இவற்றையெல்லாம் விட முதலில் செய்ய வேண்டியது, அதை மேடையில் இயக்கியவர் இருந்தால் அவரைத் தேடிப் பிடித்து உட்கார வைப்பது. சித்தூர், திருப்பதி, புத்தூர், ஸ்ரீகாளஹஸ்தி பகுதிகளில் மெல்லிசைக் குழுக்களில் இருந்த அன்பர்கள் தங்களிடம் உள்ள பெட்டியின் பெயரையும் நிலையையும் நம் இதழின் முகவரிக்கு ஒரு கடிதத்தில் எழுதுங்கள். பதிவு செய்யும் கருவியோடு நானும் நண்பர்களும் வந்து சேர்கிறோம்.